கொக்கு உதைக்கு ஒன்பது புள்ளி

ஒரு காட்டில் சிங்கம் ஒன்று இருந்தது. அதற்கு இந்தக் கதையில் வேலை எதுவும் கிடையாது. ராஜாவைச் சொல்லாமல் கதை ஆரம்பித்தால் நாளைக்கு ஆள் அனுப்பி விசாரிப்பார்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

அதே காட்டில் சிகாமணி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. மற்ற முள்ளம்பன்றிகள் கிழங்கு தோண்டும் நேரத்தில் அது விதிகள் எழுதும். அது கண்டுபிடித்த ஆட்டத்துக்குக் 'கற்பனைக் கானகம்' என்று பெயர். ஓடைக்கரையில் உள்ள தட்டைப் பாறையைச் சுற்றி உட்கார்ந்து ஆட வேண்டும். ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு வீரனைக் கற்பனையில் உருவாக்கி, அவன் பெயர், பலம், உயிர்ப்புள்ளி எல்லாவற்றையும் ஒரு தேக்கிலையில் எழுதி வைத்துக்கொள்வார்கள். சிகாமணி கதையை நடத்தும். "குகைக்குள் நுழையறீங்க. எதிர்ல ஒரு பூதம். என்ன பண்றீங்க?" என்று கேட்கும். செய்யப்போவதைச் சொல்லிவிட்டுப் பகடையை உருட்ட வேண்டும். பூதம் சாகிறதா, நீங்கள் சாகிறீர்களா என்பதைப் பகடை சொல்லும். கிட்டத்தட்ட வாழ்க்கையைப் போலத்தான். என்ன, இதில் விதிகளை முன்கூட்டியே படிக்கத் தருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஆட்டம். ஆட வருவது இரண்டே பேர். ஒன்று கரடி அமிர்தகடேசன். அதன் வீரன் வாள்வீரன். இன்னொன்று முயல் வேதவல்லி. அதன் வீராங்கனை பெயர் வஜ்ரநாயகி. ஆயுதமே தொடமாட்டாள், வெறுங்கையால் எதிரியைத் துவைப்பாள். பிறந்ததிலிருந்து சருகு அசைந்தால்கூட ஓடிய ஒரு முயல், கற்பனையிலாவது ஒரு தடவை நின்று அடிக்க ஆசைப்பட்டது. தப்பென்று சொல்ல முடியாது.

ஆனால் விதிப்புத்தகத்தில் 'வாள்: எட்டுப் புள்ளி சேதம். வெறுங்கை: ஒரு புள்ளி' என்று எழுதியிருந்தது. அதனால் முதல் வாரம் வஜ்ரநாயகியைப் பூதம் கொன்றது. இரண்டாம் வாரம் ஒரு வெள்ளாடு கொன்றது. மூன்றாம் வாரம் அவள் பூட்டிய கதவை ஓங்கிக் குத்தினாள். கதவுக்கு உயிர்ப்புள்ளி அதிகம். கை உடைந்து, சீழ் பிடித்து, செத்துப்போனாள்.

"அண்ணே, என்னை ஒரு கதவு கொன்னுடுச்சு" என்றது வேதவல்லி. "தற்காப்புக் கலைக்குன்னு தனியா ஒரு அத்தியாயம் எழுதுங்க. இல்லேன்னா அடுத்த வாரத்திலேர்ந்து நான் வரலை."

முயல் போனால் மிச்சம் கரடி. கரடியோடு தனியாக உட்கார்ந்து ஆடும் மனத்துணிவு சிகாமணிக்கு இல்லை. "எழுதறேம்மா" என்றது.

இதில் ஒரு சின்னச் சிக்கல். சிகாமணி வாழ்நாளில் சண்டை போட்டதே கிடையாது. எதிரி வந்தால் திரும்பி முதுகைக் காட்டி நிற்கும். எதிரி முட்களைப் பார்த்துவிட்டுப் போய்விடும். அதன் மொத்தப் போர் அனுபவமும் முதுகுப்பக்கமாக நடந்தது. ஆகவே அது ஆராய்ச்சிக்காகப் பொன்னுரங்கத்தைத் தேடிப் போனது.

பொன்னுரங்கம் சண்டைச் சேவல். கிராமத்துச் சேவற்கட்டில் பதினோரு சண்டை ஜெயித்து, பன்னிரண்டாவதற்கு முந்தின நாள் கூடையைக் கிழித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடிவந்தது. ஒரு கண் இல்லை. அந்தக் காட்டிலேயே நிஜமாகச் சண்டை தெரிந்த ஒரே ஜீவன் அதுதான் என்பதால், அதனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

"சண்டை எப்படிங்க நடக்கும்?" என்று ஓலையும் எழுத்தாணியுமாகக் கேட்டது சிகாமணி.

"மூணு நொடி நடக்கும். முதல்ல பயம். அப்புறம் தூசி. தூசி அடங்கினா ஒருத்தன் நொண்டுவான், ஒருத்தன் குழம்புல கிடப்பான்."

"நீங்க எந்த நிலையில நின்னு அடிச்சீங்க?"

"நின்னா செத்துருவோம்யா."

"அடிக்கு ஏதாவது பேர்?"

"இருக்கு. ஐயோ, அம்மா. ரெண்டு பேர்."

சிகாமணி ஓலையில் 'தகவலாளர் ஒத்துழைக்கவில்லை' என்று குறித்துக்கொண்டு வீடு திரும்பியது. பிறகு தானே யோசித்து எழுதியது. ஒரே மாதத்தில் நூற்றுப் பன்னிரண்டு பக்கம். பதினாறு நிலைகள், நாற்பத்தெட்டு அடிகள். உறங்கும் ஆமை நிலை. பாதி மலர்ந்த தாமரைக் குத்து. எல்லாவற்றுக்கும் சிகரமாகக் கோபித்த கொக்கு உதை: ஒன்பது புள்ளி. உதைக்குமுன் மூச்சைக் கணக்கிட வேண்டும், தூரத்தை அட்டவணையில் பார்க்க வேண்டும், எதிரியின் மனநிலைக்குத் தனிப் பகடை உருட்ட வேண்டும். ஓர் உதை முடிய முக்கால் மணி நேரம் ஆகும்.

வேதவல்லிக்கு ஆனந்தக் கண்ணீர் வந்தது. அடுத்த ஞாயிறு வஜ்ரநாயகி ஒரே உதையில் பூதத்தைச் சாய்த்தாள். அந்த முக்கால் மணி நேரமும் கரடி ஈசலைத் தின்றபடி உட்கார்ந்திருந்தது.

"என் வாளுக்கு எட்டு, அந்தம்மா காலுக்கு ஒன்பதா?" என்றது கடைசியில்.

"ஆட்சேபம் இருந்தா படிவம் ஏழு. மூணு பிரதி. என் வளை வாசல்ல வரிசையில வந்து குடுக்கணும்" என்றது சிகாமணி. மறுநாள் வரிசையில் கரடி மட்டும்தான் நின்றது. ஆனாலும் அதற்கு நான்காம் எண் டோக்கன் கொடுக்கப்பட்டது. ஆட்சேபம் பரிசீலனையில் வைக்கப்பட்டது. இன்றுவரை அங்கேதான் இருக்கிறது.

முயல் புத்தகத்தை மனப்பாடம் செய்தது. மெல்ல மெல்ல அதன் நடை மாறியது. சருகு அசைந்தால் ஓடுவதற்குப் பதில் நின்று, எந்த நிலை பொருத்தம் என்று யோசிக்க ஆரம்பித்தது. பொன்னுரங்கம் இதைப் பார்த்துவிட்டு, "அம்மாடி, அது ஓலையில இருக்கற காலு. உன் கால் வேற" என்றது.

"அறுபத்து நாலாம் பக்கம் படிச்சீங்களா?"

"எனக்குப் படிக்கத் தெரியாது."

"அதான் இப்படிப் பேசறீங்க" என்று சொல்லிவிட்டு முயல் போய்விட்டது.

ஒரு ஞாயிறு ஆட்டத்தின் நடுவே புதரை விலக்கிக்கொண்டு ஒரு செந்நாய் வந்தது. வீரபுத்திரன் என்று பெயர். விலா எலும்பு தெரியும் அளவுக்குப் பசி. கரடிக்குச் சட்டென்று ஒரு கல்யாண வீடு நினைவுக்கு வர, அது கிளம்பிவிட்டது. சிகாமணி தனக்குத் தெரிந்த ஒரே வித்தையாக முதுகைக் காட்டியது. முயல் மட்டும் ஓடவில்லை. ஒற்றைக் காலைத் தூக்கி, முன்னங்கால்களை விரித்து நின்றது.

செந்நாய் நின்றது. "என்னம்மா பண்றே?"

"கோபித்த கொக்கு."

"கொக்கு இப்படி நிக்காது. இடது காலைத் தூக்கணும்."

"வலதுதான். நாற்பத்தோராம் பக்கம்" என்றது சிகாமணி, திரும்பாமலே.

"எங்க, காட்டு."

செந்நாய் உட்கார்ந்து புரட்டியது. தற்காப்புக் கலையில் கருத்து இல்லாத பிராணி உலகத்தில் எதுவும் இல்லை. சண்டை தெரியாதவர்களுக்குக் கூடுதலாக இரண்டு கருத்து இருக்கும். புரட்டிக்கொண்டே வந்த செந்நாய், பின்னிணைப்பில் நின்றது. அதன் காதுகள் விறைத்தன.

"செந்நாய்க் கடி: இரண்டு புள்ளி" என்று வாய்விட்டுப் படித்தது. "இரண்டா? மான் தொடையை எலும்போட எடுக்கறவன்யா நான். கொக்கு உதைக்கு ஒன்பது, எனக்கு இரண்டா? எவன் எழுதினது இது?"

சிகாமணியின் முட்கள் தாமாகவே சிலிர்த்தன. "ஆட்சேபம் இருந்தா... படிவம் ஏழு."

வயிற்றுப் பசியைவிடப் பெரிய பசி ஒன்று உண்டு. தன்னைப் பற்றி எழுதியிருப்பதைத் திருத்தும் பசி. செந்நாய் அங்கேயே குப்புறப் படுத்து மூன்று பிரதி எழுதியது. சாயங்காலம் ஆகிவிட்டது. எதற்கு வந்தோம் என்பதை மறந்து போய்விட்டது.

மறு வாரம் வந்து, "என்ன ஆச்சு?" என்றது. பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள். அதற்கடுத்த வாரமும் அப்படியே. நான்காம் வாரம் செந்நாய்க்குப் பொறுமை போய்விட்டது.

"வர்ற ஞாயித்துக்கிழமை முடிவு தெரியணும். இல்லேன்னா செய்முறையில பாத்துக்கலாம். நான் இந்தம்மாவைக் கடிக்கறேன், எத்தனை புள்ளின்னு நீ எண்ணிக்கோ."

அது போனதும் வேதவல்லி பாறைமேல் சரிந்து உட்கார்ந்தது. நாற்பத்தெட்டு அடிகளில் ஒன்றுகூட அதற்கு நினைவுக்கு வரவில்லை.

"அவன் சொல்றது நியாயம்தாம்மா" என்றது சிகாமணி தயங்கித் தயங்கி. "இரண்டுங்கறது தப்பு. ஒன்பது குடுத்தாத்தான் சரி."

"ஒன்பது குடுத்தா என்ன ஆகும்?"

"திருப்திப்படுவான்."

"திருப்திப்பட்டா?"

"பசிக்கும்."

"குடுக்கலேன்னா?"

"செய்முறை."

பொன்னுரங்கத்திடம் யோசனை கேட்டார்கள். "ஓடும்மா. ராவோட ராவா அடுத்த மலைக்குப் போயிடு" என்றது அது. கதையிலேயே உருப்படியான யோசனை அதுதான். எனவே அதை யாரும் பொருட்படுத்தவில்லை. தவிர, அடுத்த மலையில் யாரும் இந்த ஆட்டம் ஆடுவதில்லை. வஜ்ரநாயகியை விட்டுவிட்டுப் போக முயலுக்கு மனம் வரவில்லை. வாரம் முழுக்கப் புல் தொடாமல் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டியது. சனிக்கிழமை மதியம் சிகாமணியின் வளைக்கு வந்து, "அண்ணே, ஆணியை எடுங்க. நான் சொல்றதை எழுதுங்க" என்றது.

ஞாயிறு வந்தது. செந்நாய் வந்தது. சிகாமணி தொண்டையைச் செருமிக்கொண்டு புதிய பக்கத்தை வாசித்தது: "செந்நாய்க் கடி: இருபது புள்ளி."

வீரபுத்திரனின் கண்கள் கலங்கிவிட்டன. அதன் பரம்பரையில் யாருக்கும் யாரும் எழுத்தில் இருபது கொடுத்ததில்லை. "இருபதா? என் அப்பா இருந்து பாத்திருக்கணும்" என்றது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு முயலைப் பார்த்தது. "சரிம்மா. வா."

"ஒரு நிமிஷம்ங்க, அடிக்குறிப்பு இருக்கு" என்றது வேதவல்லி. குரல் நடுங்காமல் பார்த்துக்கொள்ள அது பட்ட பாடு அதற்குத்தான் தெரியும். "இந்தக் கடி ஏழாம் படிநிலை வீரருக்குத்தான். நீங்க இன்னும் ஆட்டத்துலயே சேரலை. முதல் படிநிலையிலேர்ந்து ஒவ்வொண்ணா ஏறி வரணும். இப்பக் கடிச்சீங்கன்னா பழைய கணக்குதான், இரண்டு புள்ளி. அதையும் பதிவு பண்ண வேண்டியிருக்கும்."

"எழுத்துலயா?"

"எழுத்துலதான். நாலு பேர் படிப்பாங்க."

செந்நாய் புத்தகத்தை ஒரு தடவை, முயலை ஒரு தடவை பார்த்தது. பிறகு அது பாறையருகே வந்து உட்கார்ந்தது.

"தேக்கிலை ஒண்ணு குடுங்க. முதல் நிலையில எனக்கு என்ன உண்டு?"

"குரைப்பு" என்றது சிகாமணி.

"செந்நாய் குரைக்காதுய்யா. சீட்டியடிக்கும். படிவம் எங்க?"

இப்படியாக ஒரு முயலின் புத்தியால் அந்தக் காட்டில் ஓர் உயிர் பிழைத்தது. நியாயமாகக் கதை இங்கேயே முடிய வேண்டும். முடிந்திருந்தால் எல்லோரும் நன்றாக இருந்திருப்பார்கள்.

வீரபுத்திரன் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் வரும், யாரை என்று யாரும் கேட்பதில்லை, அது நாகரிகம் இல்லை. பூதம் கையை ஓங்கினால், பூதத்துக்கு எத்தனை கை என்று கேட்கும். மழை பெய்கிறது என்றால், ஈரத்தில் வால் எடை கூடுமா, கூடினால் சீட்டியின் தூரம் குறையுமா என்று கேட்கும். வஜ்ரநாயகி காலைத் தூக்கினால், இடது கால் விவகாரம் முதலிலிருந்து ஆரம்பமாகும். ஓர் உதை முடிய இரண்டு ஞாயிறு ஆனது. குளிர்காலத் தூக்கத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கரடி போனது. அந்தக் காட்டில் குளிர்காலமே கிடையாது. புத்தகம் நானூறு பக்கத்தைத் தாண்டியது. சிகாமணிக்கு முட்கள் உதிர ஆரம்பித்தன.

இரண்டு வருடம் கழிந்தது. செந்நாய் அப்போதுதான் இரண்டாம் நிலைக்கு வந்திருந்தது. 'எதிரே' என்ற சொல்லுக்கு விளக்கம் கேட்டு அது பேச ஆரம்பித்து மூன்றாவது மணி நேரம். வேதவல்லி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தது. மெதுவாகச் சிகாமணியின் பக்கம் சாய்ந்தது.

"அண்ணே, இவரு என்னை அன்னைக்கே தின்னிருக்கலாம்" என்று முணுமுணுத்தது. "ஒரே நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்."

செந்நாய்க்குக் காது கூர்மை. பேச்சை நிறுத்தி, தலையைத் திருப்பியது.

"ஒரே நிமிஷமா?" என்றது. "அப்படின்னு எந்தப் பக்கத்துல இருக்கு?"

நீதி: தின்ன வருகிறவனிடம் ஒருபோதும் அறிவைக் காட்டாதீர்கள், அவன் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவான்.