குட் மோர்னிங் அருளப்பு

உலகத்தில் எல்லா மனிதருக்கும் சொந்தப் பெயர்தான் முதலில் வரும் என்று எழுதிவைத்த அந்தக் கொம்பியூட்டர் புத்தகக்காரரை ஒரு தடவையாவது நேரில் காணவேண்டும். கண்டால் என்ன சொல்வேன் என்பதை இங்கே எழுத முடியாது. (அச்சில் வரக்கூடிய சொற்கள் அல்ல.)

இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டிய காலம். முல்லைத்தீவுக் கரையை விட்டு நாங்கள் வவுனியாவுக்கு வந்திருந்தோம். கடலில் தொழில் செய்த அப்பா, கடலே இல்லாத ஊரில் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்றார். அந்தக் கோபம் அவருக்கு எல்லாவற்றின் மேலும் இருந்தது. நான் போய்க்கொண்டிருந்த கொம்பியூட்டர் வகுப்பின் மேல் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

"பெற்றோர் தினமாமே, வந்து பாக்கிறன். பிரயோசனமெண்டால் அடுத்த கிளாசுக்கும் போ. இல்லையெண்டால் நாளைக்கே தையல் கிளாஸ்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். எனக்கோ ஊசியில் நூல் கோக்கவே வராது.

அன்றைக்கு நான் காட்டவேண்டிய பயிற்சி மிகவும் சின்னது. வருகிறவர் தன் முழுப்பெயரை ஆங்கில எழுத்தில் தட்டவேண்டும். என் புரோகிராம் அதில் இடைவெளி எங்கே என்று தேடி, அதற்கு இடப்பக்கம் உள்ளதை வெட்டியெடுத்து, 'குட் மோர்னிங்' சேர்த்துத் திரையில் காட்டும். புத்தகத்தில் உதாரணத்துக்கு ஜோன் ஸ்மித் என்று ஒருவர் இருந்தார். நானும் அவரையே திரும்பத் திரும்பத் தட்டினேன். 'குட் மோர்னிங் ஜோன்' என்று அது சொல்லச் சொல்ல எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜோன் ஸ்மித் வவுனியாவுக்கு வரப்போவதில்லை என்பது என் மண்டையில் ஏறவேயில்லை. (எனக்குத்தான் ஏறவில்லை, படிப்பித்த சேருக்குமா?)

எங்கள் ஆட்களுக்குத் தகப்பன் பெயர் முன்னுக்கு, சொந்தப் பெயர் பின்னுக்கு. அப்பாவின் முழுப்பெயர் சவிரிமுத்து அருளப்பு.

பின்வரிசை வாங்கில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி, திரையில் வருவதைப் பெற்றோரே சத்தமாக வாசிக்கவேண்டும் என்பது சேரின் ஏற்பாடு. ஆங்கில எழுத்துத் தெரியாதவர்களுக்குச் சேரே தட்டி, சேரே வாசிப்பார். அப்பாவுக்கும் அப்படித்தான் வாசித்தார்.

"குட் மோர்னிங், சவிரிமுத்து!"

அப்பா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "ஆர் இது என்ர ஐயாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுறது? செத்துப்போன மனுசனுக்கு என்ன குட் மோர்னிங்?"

"அது மெசின் ஐயா" என்றார் சேர்.

"மெசினெண்டால் மரியாதை இல்லையோ?"

"ஒரு நிமிசம் அப்பா" என்று கெஞ்சி, இடப்பக்கத்தை வெட்டு என்ற கட்டளையை வலப்பக்கத்தை வெட்டு என்று மாற்றினேன். 'குட் மோர்னிங் அருளப்பு' என்று வந்தது. அப்பா ஒரு "ம்" போட்டுவிட்டுப் பின்வாங்கில் போய் அமர்ந்தார். தையல் வகுப்பிலிருந்து தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். வேண்டாத நேரமெல்லாம் நிற்கிற கரண்ட் அந்த நேரம் பார்த்து நின்றிருக்கக் கூடாதா?

"நானும் ஒருக்கா அடிச்சுப் பாக்கட்டே?" என்றபடி அம்மா வந்து உட்கார்ந்தா.

கலியாணம் முடித்த பெண்களுக்கு எங்கள் ஊரில் இந்த ஒழுங்கு தலைகீழ். சொந்தப் பெயர் முன்னுக்கு, கணவன் பெயர் பின்னுக்கு. அம்மா கொன்வென்டில் படித்தவா. தானே தேடித்தேடித் தட்டினா: ஆக்னேஸ் அருளப்பு.

புரோகிராம் வலப்பக்கத்தை வெட்டியது. திரையில் மறுபடியும் 'குட் மோர்னிங் அருளப்பு'.

அம்மா அந்தப் பெயரை எழுதுவா, வாயால் சொல்லமாட்டா. வீட்டில் "இஞ்சாருங்கோ", வெளியில் "பிள்ளையின்ர தேப்பன்". யாராவது அப்பாவின் பெயரைக் கேட்டால் அம்மா என்னைப் பார்ப்பா, நான்தான் சொல்லவேண்டும். இப்போதும் என்னைத்தான் பார்த்தா. நான் குனிந்து கீபோர்ட்டைப் பார்த்தேன்.

சேருக்கு இதெல்லாம் எங்கே விளங்கப்போகிறது! "வெக்கப்படாதேங்கோ அம்மா. எழுத்துத் தெரியாட்டி நான் வாசிக்கிறன்" என்றார்.

எழுத்துத் தெரியாதாம்! கொன்வென்டுக்காரியிடம் சொல்கிற கதையா இது? அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, தேவாலயத்தில் வாசகம் வாசிக்கும் குரலில் வாசித்தா.

"குட் மோர்னிங், அருளப்பு!"

"ஓம்!" என்று பின்வாங்கிலிருந்து அப்பா எழும்பி நின்றார்.

சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. அப்பா யாரையும் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது வாசலிலேயே நின்றார். "நாளைக்குத் தையல். இனி ஒரு கதையும் இல்லை" என்றார். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. பிழை செய்தது புத்தகம், தண்டனை எனக்கா?

மத்தியானம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அருளப்பு, பிள்ளை அடுத்த கிளாசுக்கும் போகட்டும்."

அப்பாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. "ஓம்" என்றார்.

மறுநாளே அம்மா "இஞ்சாருங்கோ"வுக்குத் திரும்பிவிட்டா. ஆனால் காணி வாங்கியபோதும், தம்பி தான் விரும்பிய பெண்ணைக் கட்டியபோதும் அந்தப் பெயர் ஒவ்வொரு தடவை வெளியே வந்தது. அப்பா முரண்டு பிடித்தால், "அம்மா குட் மோர்னிங் சொல்லப்போறா" என்று இன்றைக்கும் வீட்டில் பகிடி விடுவார்கள்.

என் மகளும் வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிச் சிரிக்கிறாள்: "அம்மா முதல்முதல் எழுதின புரோகிராம் பிழைச்சுப்போச்சு!"

பிழைத்ததாம்! இத்தனை வருடமாகப் புரோகிராம் எழுதித்தான் சோறு தின்கிறேன். அதைப்போல வேலை செய்த இன்னொன்றை நான் இதுவரை எழுதவில்லை.