லைசென்ஸை நீக்கிய வெள்ளாடு

ஒரு காட்டில் ஒரு புலி இருந்தது என்று ஆரம்பித்தால், இதையெல்லாம் பாலர் வகுப்பிலேயே கேட்டாச்சு என்று எழுந்து போய்விடுவீர்கள். அதனால் ஒரு காட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது என்று ஆரம்பிக்கிறேன். உட்காருங்கள்.

அந்தக் கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டவர் வரியப்ப மகாராஜா. அவர்தான் புலி. பார்த்தீர்களா, வந்துவிட்டார்! புலி இல்லாமல் காட்டுக் கதை சொல்ல என்னால் ஆகாது. முன்பெல்லாம் அவர் கண்ணில் பட்டதைத் துரத்திப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தார். "எப்ப பார்த்தாலும் எங்களையேதான் பிடிக்கிறார், பன்றிகளை ஏறெடுத்தும் பார்க்கிறதில்லை" என்று மான்கள் புகார் கொடுத்தன. உடனே மகாராஜா 'இரை-1' என்று ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார். காலையில் கம்ப்யூட்டர் தானாகவே ஒரு பேரைத் தேர்ந்தெடுக்கும், டோக்கன் அடித்துத் தரும். பேர் வந்தவர் குளித்து முழுகி டோக்கனோடு வந்து நிற்க வேண்டும். மகாராஜா முத்திரை குத்திவிட்டுச் சாப்பிடுவார்.

காட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். "முன்னெல்லாம் எந்தப் புதர்லேருந்து பாய்வார்னே தெரியாது. இப்ப போன்ல மெசேஜ் வந்துடுது. என்ன ஒரு நிம்மதி!" என்று மான்களே மெச்சிக்கொண்டன. சாகிறது என்னவோ சாகிறதுதான். ஆனாலும் அதில் ஓர் ஒழுங்கு வந்துவிட்டதல்லவா? அக்கம்பக்கத்துக் காட்டு ராஜாக்கள் கூடி வரியப்பருக்குச் 'சிறந்த மின்னாளுமை' கேடயம் கொடுத்தார்கள். அவர் அதைக் குகை வாசலில் மாட்டி, வருகிறவன் போகிறவனையெல்லாம் நிறுத்தி வைத்துக் காட்டுவார்.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்து டோக்கன் அடிக்கிற வேலை வெள்ளச்சிக்கு. வெள்ளாடு. நல்ல சுறுசுறுப்பு, கொஞ்சம் வாய் ஜாஸ்தி. வீட்டில் பால்குடி மறக்காத குட்டி ஒன்று. ஒரு நாள் காலை வழக்கம்போல வந்து சிஸ்டத்தைப் போட்டாள். திரையில் பேர் வந்தது. 'வெள்ளச்சி, வெள்ளாடு, நல்ல கொழுப்பு' என்று போட்டிருந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் யார் யாருக்கோ டோக்கனைக் கிழித்துக் கொடுத்து, "சீக்கிரம் போங்க, ராஜா காத்துக்கிட்டிருக்கார்" என்று விரட்டிய வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது. குட்டியை நினைத்தாள், அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பேரை அழிக்கப் பார்த்தாள். முடியாது என்றது கம்ப்யூட்டர். தன் பேரை எடுத்துவிட்டுப் பன்றியின் பேரைப் போடப் பார்த்தாள். அவசரத்தில் யாருக்குத்தான் தர்மநியாயம் ஞாபகம் இருக்கும்? அதுவும் முடியாது என்றது. கடைசியில் மெனுவின் அடியில், யாருமே எட்டிப் பார்க்காத ஒரு மூலையில், 'உரிமத்தை நீக்கு' என்று ஒரு பட்டன் இருந்தது. அமுக்கினாள். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது.

"சாகப்போறவகிட்ட கேக்குற கேள்வியைப் பாரு!" என்று குளம்பால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

திரை வெளுத்தது. 'இந்தக் கம்ப்யூட்டரில் உரிமம் இல்லை. சேவை நிறுத்தப்பட்டது' என்று எழுத்து வந்து நின்றது.

மகாராஜா சப்புக்கொட்டிக்கொண்டே வந்தார். பின்னாலேயே யானை மந்திரி தந்தபாணியும் வந்தார்.

"இன்னிக்கு யாரும்மா?"

"லைசென்ஸ் போயிடுச்சு மகாராஜா. சிஸ்டம் ஓடல."

"எங்கே போச்சு?"

"அதைச் சொல்றதுக்கும் சிஸ்டம் ஓடணுமே."

மகாராஜா அவளை மேலும் கீழும் பார்த்தார். "சரி, அதுக்கென்ன. நீதான் கொழுகொழுன்னு எதிர்லயே இருக்கியே."

வெள்ளச்சிக்கு வாய் திரும்ப வந்துவிட்டது. "தாராளமா சாப்பிடுங்க. டோக்கன் இல்லாம சாப்பிட்டா கேடயத்தைத் திருப்பிக் கொடுக்கணுமாமே? சாகிறதுக்குள்ள அதைக் கழட்டித் துடைச்சு வெச்சிட்டுப் போயிடறேன்."

மகாராஜா எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நான் வேணா கையால எழுதி ஒரு டோக்கன்..." என்று மந்திரி இழுத்தார்.

"மூச்! கையால எழுதினது செல்லாதுன்னு உத்தரவு போட்டதே நான்தான்யா. சிஸ்டம்னா சிஸ்டம்தான்!"

கம்பெனிக்குப் போன் போட்டார்கள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று ஒரு மைனா சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. பாட்டு நன்றாகத்தான் இருந்தது. மகாராஜா போனைக் காதில் வைத்தபடியே பசியோடு தூங்கிப்போனார்.

இன்ஜினீயர் இன்றைக்கு வருகிறார், நாளைக்கு வருகிறார் என்றே நாட்கள் ஓடின. நடுவில் மகாராஜா யாருக்கும் தெரியாமல் ஒரு முயலைத் துரத்திப் பார்த்தார். சாப்பாடு தானாக நடந்து வந்தே பழகிப்போன உடம்பு, ஓட்டத்துக்கு எங்கே போவது? நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கியது. முயல் திரும்பி வந்து, "தண்ணி ஏதாவது குடிக்கிறீங்களா மகாராஜா?" என்று விசாரித்தது. பாவம், நல்ல பிள்ளை. மகாராஜாவின் தொப்பை கரைந்தது, கன்னம் ஒட்டியது, மீசை தொங்கிவிட்டது.

ஒருவழியாக இன்ஜினீயர் வந்து சேர்ந்தான். உத்தமன் என்று பேர். நரி. டீயைக் குடித்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தான்.

"லைசென்ஸ் தானா போகல. யாரோ நீக்கியிருக்காங்க."

வெள்ளச்சி அவசரமாக டீ கிளாஸை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். "யாரது?" என்று மகாராஜா எழுந்தார்.

"பழைய வெர்ஷன்ல அதெல்லாம் தெரியாது மகாராஜா. அதையே கம்பெனி கைவிட்டாச்சு. இப்ப இரை-2. இதுல லைசென்ஸ் கம்ப்யூட்டருக்கு இல்ல, ஆளுக்கு. கேமரா முன்னாடி நில்லுங்க. நீங்க யாருன்னு அதுவே பார்த்து, உங்களுக்கு உண்டான பதிப்பைத் திறந்து விட்டுடும். புலிப் பதிப்பு திறந்ததும் பழைய பட்டியல்ல நிக்கிற பேருக்கு உடனே டோக்கன் வந்துடும்."

பழைய பட்டியலில் நிற்கிற பேர் யாருடையது என்று உங்களுக்குத் தெரியும், வெள்ளச்சிக்கும் தெரியும். குட்டியை யாரிடம் விடலாம் என்று அவள் யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

உத்தமன் கேமராவை மாட்டி முடித்தான். "இருங்க இருங்க! புதுச் சாமான், பூஜை போடாம எப்படி?" என்று மந்திரி தந்தபாணி குறுக்கே வந்தார். தேங்காய் உடைத்தார், எலுமிச்சம்பழம் வைத்தார். சந்தனத்தைக் குழைத்துக் கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு, கீபோர்டுக்கு ஒரு பொட்டு, பிரிண்டருக்கு ஒரு பொட்டு வைத்தார். யானைத் தும்பிக்கையால் வைக்கிற பொட்டு எந்த அளவில் இருக்கும்? கேமராவுக்கு வைத்த பொட்டு ஓரத்தில் ஒரு கீற்றை மட்டும் விட்டு அதன் கண்ணையே அப்பி மூடிவிட்டது. மேலே தாராளமாகக் குங்குமம் வேறு.

வெள்ளச்சி அதைப் பார்த்தாள். சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு அவள் ஆயுளிலேயே முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டாள்.

மகாராஜா கேமரா முன்னால் நின்றார். கீற்று வழியே தெரிந்த தொங்கு மீசையை மட்டும் பார்த்துக் கம்ப்யூட்டர் முக்கியது, முனகியது, அப்புறம் திரையில் காட்டியது: 'அடையாளம் உறுதி செய்யப்பட்டது. பூனை. பூனைப் பதிப்பு திறக்கப்பட்டது. தினசரி உரிமை: ஒரு கிண்ணம் பால்.'

"டேய், நான் புலிடா!" என்று மகாராஜா கர்ஜித்தார். காலி வயிற்றுக் கர்ஜனை. வேடிக்கை பார்க்க வந்து பின்வரிசையில் நின்ற எலிகளுக்குச் சரியாகக் கேட்கவில்லை.

மந்திரி திரையைப் பார்த்தார், மகாராஜாவைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க மகாராஜா. சிஸ்டம்னா சிஸ்டம்தான்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. எனக்கும் கொஞ்ச நாளாவே லேசா சந்தேகம்தான்."

"மேல்முறையீடு பண்றேன்! எங்கே பண்ணணும்?"

"பண்ணலாமே" என்றான் உத்தமன். "அந்த வசதி புலிப் பதிப்புல இருக்கு. பூனைப் பதிப்புல கிடையாது."

"அப்ப இந்தப் பூனை லைசென்ஸை நீக்கித் தொலைங்கடா!"

"நீக்கிடலாம் மகாராஜா, ஒரே அமுக்குதான்" என்றாள் வெள்ளச்சி, ரொம்ப மரியாதையாக. "ஆனா நீக்கிட்டா பாலும் கிடைக்காது."

மகாராஜா அவளை முறைத்தார். வயிறு கடாமுடா என்றது. அப்புறம் யார் முகத்தையும் பார்க்காமல், "சர்க்கரை போட்டுக் கொண்டாம்மா" என்றார்.

நீதி: பலசாலியோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அவரையும் ஒரு தடவை விண்ணப்பிக்க வையுங்கள். மீதியைச் சிஸ்டம் பார்த்துக்கொள்ளும்.