தணிகாசலம் வாங்கிய ஏசிக் காற்று

“இன்னாம்மா கிறிஸ்டினா, என் பேரு அடில தொங்குது?”

தணிகாசலம் சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். கம்ப்ரசர், கூலிங் பம்ப், மோல்டிங் மெஷின் எல்லாம் வரிசையாக முடிந்து, கடைசியில், வெந்நீர் கெட்டிலுக்கும் கீழே, சிவப்பு எழுத்தில் அவர் பெயர் இருந்தது. இருபது வருட மெயின்டனன்ஸ் சூப்பர்வைசரைக் கெட்டில் முந்திவிட்டது.

“மைனஸ்ல கீறீங்க சார்” என்றாள் கணக்கு பார்க்கும் கிறிஸ்டினா, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனி அது. முதலாளி சுப்பராயன் சென்னையில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தார். மதியச் சாப்பாடு பிரமாதம் என்பதால் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். அதன் விளைவுதான் இதெல்லாம். இப்போது ஒவ்வொரு மெஷினுக்கும் தனிப் பர்ஸ். கம்ப்ரசர் காற்று கொடுத்தால் மோல்டிங் மெஷின் அந்த நிமிடமே அதற்குச் சில்லறை கொடுத்துவிடும். நிஜச் சில்லறை இல்லை, ‘சுப்பு காயின்’. கணக்கு பிளாக்செயினில் ஏறும். ஏறியதை ஆண்டவனே வந்தாலும் அழிக்க முடியாது.

அந்த மென்பொருளில் மனிதர்களுக்கென்று ஒரு பிரிவு இல்லை. அதனால் என்ன, எல்லோரையும் கருவிகள் என்றே பதிந்துவிட்டார்கள். ஆளுக்கொரு அட்டை. மெஷினுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தால் மெஷின் அட்டைக்குக் காயின் கொடுக்கும். ஏசிக் காற்று, காபி என்று எதையாவது அனுபவித்தால் அட்டை மெஷினுக்குக் கொடுக்கும். “நானும் ஒரு டிவைஸ்தான்” என்று பெருந்தன்மையோடு முதலாளியும் ஓர் அட்டை மாட்டிக்கொண்டார். அட்டையில் படம் கிடையாது, பொடி எழுத்தில் பெயர் மட்டும்தான். படத்துக்குக் கூடுதல் செலவாம்.

ஆயுத பூஜை அன்று அட்டைகளைத் தாம்பாளத்தில் வைத்து, தாராளமாகச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, பொரிப் பொட்டலத்தோடு முதலாளியே தன் கையால் எல்லோருக்கும் வழங்கினார். “சாமி பொட்டு. தானா உதுர்ற வரைக்கும் யாரும் தொடைக்கக் கூடாது” என்பது உத்தரவு. ஆக, அந்தக் கம்பெனியில் அழிக்க முடியாதவை இரண்டு.

இன்னொரு உத்தரவும் உண்டு. சனிக்கிழமை மாலை மைனஸில் இருக்கும் கருவிக்குத் திங்கட்கிழமை முதல் வேலையில்லை. ஒரு பழைய வாட்டர் கூலர் ஏற்கெனவே அப்படித்தான் காயலான் கடைக்குப் போயிருந்தது. மனிதக் கருவி என்றால் அட்டையைக் காட்டினாலும் கேட் திறக்காது. நாற்பத்தெட்டு வயதில் இன்னொரு கம்பெனி வாசலில் போய் நின்றால் யார் சேர்த்துக்கொள்வார்கள்? தணிகாசலம் கிறிஸ்டினாவின் மேசைக்கு ஓடினார்.

“எதுல மைனஸு? பாத்து சொல்லும்மா.”

“ஏசிக் காத்து, காலைலேர்ந்து. அப்புறம் காபி, டபுள் சக்கர.”

“நான் எங்கம்மா ஏசில உக்காந்தேன்? எனக்குச் சுகரு வேற!”

“ஏசியோட வெளி மெஷினு உங்க மேசைக்குப் பின்னாடிதான கீது? அத்த புடிச்சிருக்கும். காபி மெஷின ரிப்பேர் பண்ணி டெஸ்ட்டு பார்த்தீங்க இல்ல, அது கணக்கு. பிளாக்செயின் பொய் சொல்லாது சார்.”

பொய் சொல்லாத ஒன்றோடு சண்டை போட்டுப் பயனில்லை. தணிகாசலம் வேலையில் இறங்கினார். கம்ப்ரசர் பெல்ட்டை மாற்றினார், பம்ப்பைப் பிரித்து மாட்டினார், யாரும் கேட்காமலே கன்வேயருக்கு எண்ணெய் விட்டார். சட்டை நனைந்து திரும்பி வந்து பார்த்தால், திரையில் ஏறியிருந்தது முதலாளியின் கணக்கு.

சுப்பராயன் அறையிலிருந்து வந்து, இடுப்பில் கை வைத்துத் திரையை ரசித்தார். “பாத்தியா நைனா? நான் சும்மா உக்காந்தினு இருந்தாலே மெஷினுங்க எனக்குக் கொட்டுது. இதுக்குப் பேருதான் லீடர்ஷிப்பு.”

“ஆமா சார்” என்றார் தணிகாசலம். வேறென்ன சொல்வது?

மறுநாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஏசிதானே வில்லன்? யாரும் பார்க்காத நேரத்தில் வெளி மெஷினின் ஒயரைக் கழற்றிவிட்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து முதலாளியின் அலறல் கேட்டது. இரண்டு பெரிய மின்விசிறிகளைத் தணிகாசலமே சுமந்துபோய் அறையில் வைக்க வேண்டியதாயிற்று. புழுக்கத்தில் முதலாளி ஃபிரிட்ஜைத் திறந்து ஜூஸாகக் குடித்துத் தள்ளினார்.

“ஏசி போயி, ரெண்டு ஃபேனும் ஃபிரிட்ஜும் ஏறிக்கிது சார்” என்றாள் கிறிஸ்டினா.

“என் கணக்குலயா?”

“ஃபேன தூக்கினு போனது நீங்கதான?”

பதறிப்போய்த் தானே கழற்றிய ஒயரைத் தானே மாட்டினார். ஏசி பழுது பார்த்த கூலி உடனே பதிவானது, முதலாளி பெயரில். தணிகாசலம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நேராக அறைக்குள் போனார்.

“சார், சிஸ்டத்துல எதோ கோளாறு. ராப்பகலா நான் ஒழைக்கிறேன், எனக்கு ஒரு காயின் ஏறல.”

“ஒழைக்கிறவன் கணக்குல ஏறாம வேற எவன் கணக்குல ஏறும்?” சுப்பராயன் காபியை உறிஞ்சினார். “மெஷினுக்கு ஒன்ன புடிக்கல நைனா. மனுசன்னா பாவம் பாப்பான், மெஷினு பாக்காது. திங்கக்கெழம கேட்டு தொறக்கலன்னா கம்முனு ஊட்டுக்குப் போயிடு. அழற வேலையெல்லாம் வாணாம்.”

அதோடு விட்டாரா? வாட்ச்மேன் சாலமோன் பழகின முகம் பார்த்துக் கேட்டைக் கையால் திறந்துவிடுவானோ என்று சந்தேகம் வந்து, அவனிடமிருந்த சாவியையும் பிடுங்கித் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டினார். சனிக்கிழமை மாலை தணிகாசலத்தின் பெயர் மைனஸிலேயே நிலைத்தது.

திங்கட்கிழமை மழை பிடித்துக்கொண்டது. மனைவி குணசுந்தரி வழக்கம்போல் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள்.

“எதுக்கு மே சாப்பாடு? கேட்டே தொறக்காது.”

“தொறக்கலன்னா புதுவாயல் ஸ்டாப்புல பஸ்ஸுக்கு நிக்க சொல்லோ துன்னு. வெறும் வயித்தோட எவன்கிட்ட போயி வேல கேப்ப?”

தணிகாசலம் சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு கிளம்பினார். குடையைப் பிடித்துக்கொண்டு கேட் முன் நின்றார். சாலமோன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தணிகாசலம் கண்ணை மூடி அட்டையை நீட்டினார்.

கேட் மாப்பிள்ளையை வரவேற்கிற மாதிரி அகலமாகத் திறந்தது.

அவருக்கு நம்ப முடியவில்லை. முதலாளி இரவோடு இரவாக மனமிரங்கி ஏதோ செய்திருக்கிறார். என்ன இருந்தாலும் பெரிய மனுஷன்! அந்த ஆளை மனதுக்குள் என்னவெல்லாம் திட்டிவிட்டோம் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. ‘வந்ததும் காலில் விழுந்துவிட வேண்டியதுதான்’ என்று முடிவுசெய்து, முதலாளி அறை வாசலில் சாப்பாட்டுப் பையோடு காத்திருந்தார்.

நெடுநேரம் கழித்து, சொட்டச் சொட்ட நனைந்தபடி சாலமோன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“சார், மொதலாளி மழையில நிக்கிறாரு, அவருக்குக் கேட்டு தொறக்க மாட்டேங்குது, சந்தனம் கரஞ்சி ஓடனப்புறம் பாத்தா, அவரு கழுத்துல தொங்கறது உங்க அட்ட சார்!”