அழகர்சாமியின் மூன்றாம் பரிசு

பாதித் தூரம் ஓடித் திரும்புகிற இடத்தில் அடையாளத்துக்குக் கையில் மஞ்சள் நாடா கட்டி அனுப்பினார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரம்கூடத் தாண்டவில்லை, அழகர்சாமியின் வலது கால் ஷூ வாயைப் பிளந்துவிட்டது.

ஓசூர் சிப்காட்டில் பம்பு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். மதுரைப் பக்கத்துக்காரர். 2008-ல் கம்பெனிக்கு வந்த புது எம்.டி.க்கு ஓட்டப் பைத்தியம். வந்த வேகத்தில் இருபத்தொரு கிலோமீட்டர் அரை மாரத்தான் அறிவித்துவிட்டார். கம்பெனி வாசலில் கிளம்பி, ராயக்கோட்டை ரோட்டில் போய்த் திரும்பி வர வேண்டும். "நானெல்லாம் காலேஜ்ல ஓடாத ஓட்டமா?" என்று அழகர்சாமி வீட்டில் ஒரு வார்த்தை விட்டார். மகள் தர்ஷினி அதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். அப்புறம் ஓடாமல் எப்படி இருப்பது?

பிளந்த ஷூவைக் கைக்குட்டையால் இறுக்கிக் கட்டினார். நாலு எட்டு வைத்ததும் கைக்குட்டை அவிழ்ந்து காலில் சுற்றிக் குப்புறத் தள்ளியது. முழங்கால் தேய்ந்தது. ஷூவே வேண்டாமென்று கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சாக்ஸோடு ஓடினார். சாலை போடக் கொட்டி வைத்திருந்த ஜல்லி உள்ளங்காலைப் பதம் பார்த்தது. வலி மறக்கக் குளுக்கோஸ் தண்ணீரை வாங்கி வாங்கிக் குடித்தார். வயிறு குடம் மாதிரி தளும்ப, புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

தக்காளி ஏற்றிய டெம்போ ஒன்று பக்கத்தில் வந்து நின்றது.

"என்னாண்ணா, கால்ல ரத்தம் வருது? ஏறுங்கண்ணா," என்றான் டிரைவர் கோபி.

"கொஞ்ச தூரம் போதும்ப்பா. வலி அடங்கினதும் எறங்கி ஓடிருவேன்."

உண்மையிலேயே அப்படித்தான் நினைத்து ஏறினார். ஆனால் வழியெல்லாம் போலீஸ்காரர்கள் விசில் அடித்து, வண்டியை நிறுத்தாதே, போ போ என்று விரட்டினார்கள். ஓடுகிறவர்களைத் தாண்டும்போதெல்லாம் அழகர்சாமி டேஷ்போர்டுக்குக் கீழே தலையைச் செருகிக்கொண்டார். நிமிர்ந்து பார்த்தபோது கம்பெனியின் முகப்பு வளைவே தெரிந்தது.

"அய்யய்யோ, இங்கனயே நிறுத்துப்பா!"

குதித்து இறங்கி, ஷூவை மாட்டி ஷூ நாடாவை அதன்மேல் சுற்றிக் கட்டி, ஒரு விளம்பரத் தட்டிக்குப் பின்னால் ஒளிந்தார். எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு கடைசி ஆளாக நொண்டிக்கொண்டு போய்விடலாம் என்பது திட்டம்.

"சார்! வழி மாறிட்டீங்க சார்! இந்தப் பக்கம்!"

தொண்டு வேலைக்கு வந்திருந்த கல்லூரிப் பெண் ஓடி வந்து, அவர் கையைப் பிடித்து இழுத்து ஓடுபாதையில் விட்டாள். இரண்டு பக்கமும் கைதட்டல். நிற்கவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை. ஓடினார். முடிவுக் கோட்டைத் தாண்டிவிட்டார். நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் மூன்றாம் பரிசு.

"அப்பா!" என்று தர்ஷினி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இதோ சொல்லிவிடலாம் என்று அவர் வாயைத் திறந்தார். மனைவி வீரலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, வியர்வையில் நனைந்து வந்து சேர்ந்தவர் திம்மப்பன். ஓசூர்க்காரர், அழகர்சாமியின் செக்‌ஷனிலேயே வேலை, பழைய சிநேகிதர். மூன்று மாதமாக விடியற்காலையில் ஏரிக்கரையைச் சுற்றிச் சுற்றி ஓடிப் பழகியவர். நான்காம் இடம். பரிசு கிடையாது.

"நல்லா ஓடினீங்க சாமி," என்று அழகர்சாமியின் கையைக் குலுக்கிவிட்டு, முகத்தைப் பார்க்காமலே போனார்.

அந்தக் குனிந்த தலை அழகர்சாமியை அறுத்தது. வீட்டில் பரிசுக் கோப்பை டி.வி. மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. சாப்பிட உட்கார்ந்தால் அது பார்த்தது. மறுநாள் தர்ஷினி அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய், வகுப்பு வகுப்பாகக் காட்டிவிட்டு வந்தாள். அதற்குமேல் தாங்கவில்லை. சாயங்காலம் கோப்பையைப் பையில் போட்டுக்கொண்டு திம்மப்பன் வீட்டுக்குப் போனார்.

"வாங்கண்ணா," என்றாள் திம்மப்பனின் மனைவி முனிலட்சுமி. "மூணு மாசமா ராகிக் கஞ்சியக் குடிச்சிட்டு ஓடினாரு மனுசன். கடைசீல கை வீசிக்கினு வந்துட்டாரு. ரெண்டு நாளா சரியாப் பேசறதும் இல்ல."

அவள் காபி போட உள்ளே போனதும் அழகர்சாமி கோப்பையை எடுத்து வைத்தார்.

"திம்மப்பா, இது உன்னோடது. நான் ஓடலப்பா. பாதி வழியில வண்டி ஏறி வந்துட்டேன்."

திம்மப்பன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்தது.

"யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா சாமி?"

"இல்ல. உங்கிட்டதான் மொதல்ல."

"சொல்லாதீங்க. எனக்குக் கப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். விட்டுருங்க, உங்களக் கும்பிட்டுக்கறேன்."

எவ்வளவு பெரிய மனசு! அழகர்சாமிக்கு அழுகை வந்துவிட்டது. இப்படிப்பட்டவன் பரிசையா தின்றோம் என்று ராத்திரி முழுக்கப் புரண்டார். விடிந்ததும் மனிதவள அதிகாரி ஜெயமணி மேடத்தின் முன்னால் போய் நின்றார். ரகசியமாகப் பரிசை மாற்றிக் கொடுத்துவிட்டால் போதும் என்றுதான் கேட்டார்.

"இதையா ரகசியமா வைக்கிறது?" என்று நெகிழ்ந்துபோனார் மேடம். "நாலு பேருக்குத் தெரியணும் அழகர்சாமி!"

நாலு பேருக்கு இல்லை, ஷிப்டு மொத்தத்துக்கும் தெரிந்தது. கேண்டீனில் மைக் வைத்தார்கள். சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நின்று, "நான் வண்டியில வந்தேன்" என்று அழகர்சாமி சொன்னபோது யாரோ ஹாரன் மாதிரி சத்தம் கொடுத்தார்கள். கேண்டீனே சிரித்தது. திம்மப்பனை நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்து கோப்பையைக் கையில் திணித்தார்கள். எம்.டி. அவரைக் கட்டிப்பிடித்து, "நேர்மையா ஓடி, தோத்தும் வாய் திறக்காத மனுஷன் இவர்! அடுத்த மாசம் பெங்களூர் ஓட்டத்துல நம்ம கம்பெனிக்காக இவர்தான் ஓடப் போறார்!" என்றார்.

"சார், எனக்கு முழங்கால் வலி..." என்று இழுத்தார் திம்மப்பன்.

"பாருங்க, என்ன அடக்கம்!" என்றார் எம்.டி. கைதட்டல் கூரையைப் பிளந்தது.

அன்றிலிருந்து அழகர்சாமிக்குக் கம்பெனியில் பெயர் 'டெம்போ சாமி'. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். தர்ஷினியைத்தான் பொறுக்க முடியவில்லை. அவள் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு அவர் வண்டியில் ஏறாமல் நடந்து போனாள்.

"டவுன் பஸ்ஸுலயாவது போகலாம்ல தாயி?"

"நான் நடந்தே போறேன்ப்பா. எனக்கு அவசரம் இல்ல."

ஒரு வார்த்தைதான். அதில் எத்தனை முள் இருக்கிறது என்று அழகர்சாமி எண்ணிக்கொண்டிருந்தார். தட்டிக்குப் பின்னால் நின்றபோதே ஓடிப்போயிருக்கலாம். முடிவுக் கோட்டைத் தாண்டிய கையோடு சொல்லியிருக்கலாம். புளியமரத்தடியிலேயே படுத்துக் கிடந்திருக்கலாம். மதுரைக் காலேஜில் ஓடியது நூறு மீட்டர்தான் என்று ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வீரலட்சுமியும் மகளும் காய்கறி மார்க்கெட்டுக்குக் கிளம்ப, பை தூக்க அவரும் போனார். தர்ஷினி அம்மாவுக்கு அந்தப் பக்கமாக நடந்தாள். தக்காளி இறக்கிக்கொண்டிருந்த ஒருவன் அவரைப் பார்த்ததும் கூடையை வைத்துவிட்டு ஓடி வந்தான். டிரைவர் கோபி. அழகர்சாமிக்கு உடம்பு கூசியது. மகள் முன்னாலா இது!

"அண்ணா! காலு தேவலையா?"

"பரவாயில்லப்பா, வர்றேன்," என்று நகரப் பார்த்தார்.

"இருங்கண்ணா, உங்க கம்பெனி ஆளு ஒருத்தர்கிட்ட ஒரு சேதி சொல்லணும். அன்னிக்கி உங்களுக்கு முன்னாடியே ஏறி, பின்னால தார்ப்பாய்க்குள்ள படுத்துக்கினு வந்தாரே திம்மப்பண்ணன், பெங்களூரு ஓட்டத்தன்னிக்கு அந்தப் பக்கம் லோடு போவுமான்னு நேத்து கேட்டுட்டுப் போனாரு, போவும்னு சொல்லிருங்க."