ஏழு கட்டு வீடு

மே மாதம் முதல் தேதி காலையில் என் கணவர் பெரிய சபதம் ஒன்று செய்தார். சபதம் அவருடையது. அதைக் காப்பாற்ற வேண்டியவள் நான்.

"டோரதி, பதினஞ்சு நாளு லீவு கெடைச்சிருக்கு. அந்தப் பதினஞ்சு நாளும் நீ பேனாவத் தொடக்கூடாது. பென்சிலும்தான். மாதா மேல சத்தியம் பண்ணு!"

காரணம் இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் மூன்று வருஷமாக ஒரு மாதர் பத்திரிகையில் மாதம் ஒரு குடும்பக் கதை எழுதி வருகிறேன். எந்தக் குடும்பத்தை எழுதுவது? பக்கத்து வீட்டை எழுதினால் சண்டைக்கு வருவார்கள். எதிர் வீட்டை எழுதினால் பக்கத்து வீட்டையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். ஆகையால் எங்கள் குடும்பம்தான். போன மாதம், அவர் விடியற்கால இருட்டில் தலைக்கு வைக்கும் களிம்பு என்று நினைத்து பூட்ஸ் பாலிஷை அப்பிக்கொண்டு மாதா கோயில் பூசைக்குப் போன விஷயத்தை எழுதியிருந்தேன்.

அவர் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குமாஸ்தா. அந்தக் கதை வந்த நாள் முதல், கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகூடத் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்கிறார்.

"நேத்து ஒரு கூலியாளு கேக்கறான்: 'இன்னா நைனா, தல பளபளன்னு கீது, கருப்பு டப்பாவா, செவப்பு டப்பாவா?' மானம் போவுது, டோரதி!"

"அப்போ ஹார்பர்லகூட படிக்கறாங்களா?" என்றேன். சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை.

"பேச்ச மாத்தாத. எங்க பூர்வீகத்துக்கு இட்டுகினு போறேன். ஏழு கட்டு வூடு இருந்த எடம்! அங்க வந்து பாரு, யேசுதாஸ் யாருன்னு."

ஏழு கட்டு வீடு! கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக அதைக் கேட்டு வருகிறேன். ஒரு முற்றம், ஒரு கூடம் சேர்ந்தால் ஒரு கட்டு. ராயபுரத்தில் நாங்கள் இருப்பது அரைக் கட்டு. அதிலும் பாதி அடுப்பு. ஏழு கட்டு என்றால் வாசலில் கூப்பிட்டால் கொல்லையில் இருப்பவருக்குத் தபாலில்தான் போய்ச் சேரும். நானோ பட்டணத்து எல்லையில் இருக்கும் டோல்கேட்டைத் தாண்டியதில்லை. ஆசை யாரை விட்டது? மாதா மேல் சத்தியம் செய்துவிட்டேன்.

செய்த பிறகுதான் பத்திரிகை ஞாபகம் வந்தது. பத்தாம் தேதிக்குள் கதை போகாவிட்டால் என் பக்கம் வேறொருத்திக்குப் போய்விடுமே! அந்தக் கவலையோடு ஊறுகாய் ஜாடிக் கவலை, கோழிக் கவலை, பூட்டுக் கவலை. பக்கத்து வீட்டு ஆலிஸிடம் சாவியைக் கொடுத்துவிட்டு மூன்று தரம் திரும்பிப் போனேன்.

"எந்த ஊருக்குப் போறேக்கா? கொழும்புக்கா?"

"எண்ணூருக்கு."

"எண்ணூரா? ரயில்ல ஒரு முறுக்கு கடிக்கறதுக்குள்ள வருமே, அந்த எண்ணூரா?"

அந்த எண்ணூர்தான். உண்மையில் இரண்டு முறுக்கு ஆயிற்று.

ஸ்டேஷனில் அவருடைய சித்தப்பா மகன் ராசையா வந்து மூட்டையை வாங்கிக்கொண்டான். கழிமுகத்தில் இறால் பிடிக்கிறவன். அவன் வீட்டில்தான் தங்கல். பெட்டியை இறக்கியதும் இறக்காததுமாக என்னையும் பத்து வயது மகள் அமலியையும் அவர் மணலுக்கு இழுத்துப் போனார். அங்கே ஒரு செங்கல்கூட இல்லை.

"புயல்ல பூடுச்சி," என்றார் கம்பீரமாக. "நான் கைக்கொழந்தையா இருக்கச்சொல்லோ எங்கப்பா பட்டணம் வந்துட்டாரு. ஆனா எல்லாம் அவர் வாயால கேட்டது. இங்கதான் மொதக் கட்டு. கால அலம்பிகினு வா."

"எதுல அலம்பறது, நைனா?" என்றாள் அமலி.

"நெனச்சுக்கோ!"

காலடி வைத்து அளந்தபடி நடந்தார். இரண்டாம் கட்டில் விருந்தாளிகள். மூன்றாம் கட்டில் ஊஞ்சல். நான்காம் கட்டில் நெல். சும்மா சொல்லக் கூடாது, என்ன அழகாகச் சொன்னார்! மூன்றாம் கட்டில் ஊஞ்சல் இடிக்குமோ என்று அமலியைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். ஐந்தாம் கட்டில் பாதி சவுக்குத் தோப்புக்குள் போயிற்று. ஆறாம் கட்டில் அவருக்கு முழங்கால் வரை தண்ணீர். ஏழாம் கட்டுக்குப் படகு வேண்டும்.

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ராசையா பின்னால் வந்து நின்றான்.

"அண்ணே, தண்ணில இன்னா தேடற?"

"நம்ம ஏழு கட்டு வூட்டத்தான் அண்ணிக்குக் காட்டிகினு கீறேன்."

"அதுவா? அது அங்க இல்லண்ணே, தோ, இந்தப் பள்ளத்துல. எங்கப்பா சொல்லும். பெரிப்பா கட்டன வூடு. கூரைக்கி ஏழே ஏழு கட்டு ஓலை. எட்டாவது கட்டு வாங்க வக்கில்லாம, ஒரு பக்கம் வானம் தெரியுமாம். ஏழு கட்டு வூடு, ஏழு கட்டு வூடுன்னு ஊரே கிண்டல் பண்ணுமாம்."

என் கணவர் ஆறாம் கட்டிலேயே நின்றார்.

நான் சிரிக்கவில்லை. சிரிப்பு எழுத்தில் வரவேண்டியது. வாயில் வீணாக்கக் கூடாது.

மெதுவாகக் கரையேறினார். வேட்டியைப் பிழிந்தார். பள்ளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அப்புறம் நிமிர்ந்து, "அமலி, படுத்துகினே நட்சத்திரம் பாக்கற வூடு எந்த துரைக்குக் கீது, சொல்லு?" என்றாரே பார்க்கலாம்! பூட்ஸ் பாலிஷோடு பூசை முடியும்வரை முதல் வரிசையில் உட்கார்ந்த மனிதர் அல்லவா! உடனே என் பக்கம் திரும்பினார்.

"சத்தியம் ஞாபகம் கீதா?"

"கீது."

"பேனா?"

"தொட மாட்டேன்."

ஒரு வாரம் நிம்மதியாக இறால் தின்றார். எனக்குத்தான் ருசிக்கவில்லை. இவ்வளவு நல்ல கதை கையில் இருக்கிறது, கையோ கட்டியிருக்கிறது. எட்டாம் தேதி, ஆலிஸ் விலாசம் திருத்தி அனுப்பிய கார்டு வந்தது. பத்திரிகையிலிருந்து. அவர்தான் வாங்கி உரக்கப் படித்தார்.

"'பத்தாம் தேதிக்குள் தங்கள் கதை வராவிட்டால், தங்கள் பக்கத்தில் மயிலாப்பூர் அம்மாள் ஒருவரின் வாழைப்பூ வடை செய்முறை வெளியாகும்.' இன்னாது? வாழைப்பூவா? என் பொண்டாட்டி எடத்துலயா?"

"போட்டுக்கட்டும். நான்தான் சத்தியம் பண்ணிட்டேனே." கண்ணில் நீர் முட்டியது. வேண்டுமென்று வரவழைத்ததல்ல; பாதிதான் அப்படி.

"அய்யே, அழாத. வடைய விட மட்டமா நீ?" குறுக்கும் நெடுக்கும் நடந்தார். சட்டைப் பையிலிருந்து, மூட்டைக் கணக்கு எழுதும் ஊதாப் பென்சிலை எடுத்தார். "நீ எத்தயும் தொட வேணாம். வாயால சொல்லு, நான் எழுதறேன். எத்தப் பத்தி?"

"உங்க ஊரப் பத்திதான். லீவுக்கு வந்ததப் பத்தி."

"ஊரப் பத்தியா! கடலு, சவுக்குத் தோப்பு, உப்புக் காத்து... சொல்லு, சொல்லு."

பென்சிலை நாக்கில் நனைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் சொன்னேன்: "மே மாதம் முதல் தேதி காலையில் என் கணவர் பெரிய சபதம் ஒன்று செய்தார்."

பென்சில் நின்றது.

"டோரதி..."

"வேணாம்னா விட்டுடலாங்க. வாழைப்பூ வடையும் நல்லாத்தான் இருக்கும்."

எழுதினார். நாக்கு, உதடு எல்லாம் ஊதாவாகும்வரை எழுதினார். பாலிஷ் வந்த இடத்தில் பெருமூச்சு விட்டார், எழுதினார். மணலில் அளந்த இடத்தில், "இங்க 'கம்பீரமாக'ன்னு போட்டுக்கட்டா?" என்று கேட்டார். போட்டுக்கொள்ளச் சொன்னேன். ராசையா வாயைத் திறந்த இடத்தில் மட்டும் கெஞ்சினார்.

"இத்த மட்டும் வுட்டுடேன்."

"விட்டா கதை அரைப் பக்கம் கொறையும். மீதி எடத்துக்கு வடை வந்துடும்."

அதையும் எழுதினார். என் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாமல், முத்து முத்தாக எழுதினார். இப்படி ஒரு மனிதர் ஏழு கட்டு வீட்டிலும் கிடைக்க மாட்டார்.

அச்சுக் கோர்க்கும் ஐயாவுக்கு ஒரு வார்த்தை: "ஏழு கட்டு ஓலை" என்று வரும் இடத்தில் தாள் கிழிந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், அங்கே மட்டும் அவர் பென்சிலைக் கொஞ்சம் அழுத்திவிட்டார்.