மாப்பிள்ளை அடித்த கோல்

காற்பந்தில் கோல் காவலனுக்குத்தான் திடல் முழுவதும் தெரியும் என்பார்கள். பின்னால் நிற்பவன் எல்லாவற்றையும் பார்க்கிறானாம். இதைச் சொன்னவர் இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு நாளும் நின்றிருக்க மாட்டார். நான் கல்லூரிக் காலம் முழுக்க அங்கேதான் நின்றேன். என் கண்ணெதிரே என்ன நடந்தது என்பதைக் கடைசியாகத் தெரிந்துகொண்ட ஆளும் நான்தான்.

மலேசியாவின் வடக்கே சுங்கைப் பட்டாணியில் நாங்கள் படித்த தனியார் கல்லூரியில் நூலகம் சுமார், கேண்டீன் மோசம், காற்பந்துக் குழு மட்டும் பிரமாதம். (இது என் சுயபுராணம் இல்லை, ஊரே சொன்னது.) பையன்கள் எல்லாரும் ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள், நடக்கப் பழகும்போதே பந்தை உதைத்தவர்கள். தடுப்பாட்டக்காரன் சுரேனைத் தாண்டிப் போவதைவிட மெர்போக் ஆற்றை நீந்திக் கடப்பது சுலபம். ஆற்றில் முதலைகள் எப்போதாவதுதான் தூங்காமல் இருக்கும், சுரேன் தூங்கவே மாட்டான்.

இவ்வளவு இருந்தும் மாவட்ட லீக்கில் ஒவ்வோர் ஆண்டும் நடுவில் வந்து நிற்போம். ஒரு வாரம் லீக்கிலேயே பெரிய குழுவைப் புரட்டி எடுப்போம். அடுத்த வாரம், தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாத அண்ணன்மார்களிடம் கோல் இல்லாமல் சமநிலை காண்போம். கடைசியில் வந்தாலாவது உட்கார்ந்து அழலாம், முதலில் வந்தால் வாழை இலை போட்டுச் சாப்பிடலாம். நடுவில் வந்தால் என்ன செய்வது என்றே தெரியாது. ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

இதில் எங்களைவிடக் குழம்பியவர் பயிற்றுநர் கருணாகரன் சார். கணக்கியல் விரிவுரையாளர், தெற்கே ஜொகூர்க்காரர், இந்தப் பக்கம் அவருக்கு ஒரு சொந்தமும் கிடையாது. மனிதர் எதற்கும் காரணம் கண்டுபிடிக்காமல் விடமாட்டார். முதலில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கைத் தடை செய்தார். பிறகு ஜெர்சியின் நிறத்தை மாற்றினார். அப்புறம் காலில் போடுகிற சப்பாத்து சரியில்லை என்றார், தூக்கம் சரியில்லை என்றார். ஒருமுறை எங்களை எல்லாம் மரத்தடியில் உட்காரவைத்து மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்தார். நன்றாக மூச்சு விட்டோம், அந்த ஆண்டும் நடுவில்தான் வந்தோம்.

"டேலண்ட் இருக்கு, உழைப்பு இருக்கு. ரிசல்ட்டு எங்கப்பா?" என்று பாவமாகக் கேட்பார். நாங்கள் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருப்போம்.

என் இறுதி ஆண்டில்தான் அந்த ஆட்டம் வந்தது. லீக்கின் கடைசி ஆட்டம், எதிரணி கூலிம் ஹைடெக் பூங்காவில் இருக்கும் ஒரு தொழிற்சாலைக் குழு. அந்த ஆண்டு எப்படியோ மேலே வந்திருந்தோம், ஜெயித்தால் எங்கள் சரித்திரத்தில் முதன்முறையாகக் கோப்பை. சாரின் கண்கள் ஒரு வாரமாகவே பளபளவென்று இருந்தன.

அதே சமயம் எங்கள் வீட்டில் வேறொரு முடிவுக்காகக் காத்திருந்தார்கள். கவிதா அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை தினேஷ், அதே கூலிம் தொழிற்சாலையில் டெக்னீசியன். பையனுக்குப் பிடித்துவிட்டது. அக்காவுக்குப் பிடித்தது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கேட்டால் மட்டும் "உங்க இஷ்டம்" என்பாள், சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் பாட்டுப் போடுவாள். ஆனால் பையனின் அப்பா வாயைத் திறக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று போனவர் யோசித்துக்கொண்டே இருந்தார். அக்காவுக்கு முன்பு வந்த ஓர் இடமும் இப்படித்தான் யோசித்து யோசித்தே கைவிட்டுப் போனது. அதனால் தொலைபேசி மணி அடித்தாலே வீட்டில் எல்லாரும் மூச்சு விடாமல் நின்றார்கள்.

அந்தத் தினேஷ்தான் தொழிற்சாலைக் குழுவின் முன்னணி ஆட்டக்காரர். ஆட்டம் பார்க்க அவருடைய அப்பா அம்மா வருகிறார்கள் என்று செய்தி வந்தது. நான் அதைக் காதில் வாங்கி அப்படியே விட்டுவிட்டேன். எனக்குக் கோப்பைதான் பெரிது, மாப்பிள்ளையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற தெனாவட்டு.

இனி நான் சொல்லப்போவது எனக்கு ஆட்டம் முடிந்த பிறகே தெரியும். உங்களுக்கு முன்னதாகவே சொல்லிவிடுகிறேன், குழம்பினது நான் ஒருவனாகவே இருக்கட்டும்.

அன்று காலை அம்மா ஒரு பெரிய டப்பா நிறைய உருளைக்கிழங்கு வைத்த கறிபாப் சுட்டுக்கொண்டு திடலுக்கு வந்தார். நான் அந்தக் கோடியில் பந்து பிடித்துப் பழகிக்கொண்டிருந்தேன். அம்மா பையன்களுக்குக் கறிபாப் கொடுத்தபடியே சுரேனை ஓரங்கட்டியிருக்கிறார்.

"தம்பி, அந்தப் பத்தாம் நம்பர்தான்பா நம்ம கவிதாவுக்குப் பார்த்திருக்கிற பையன். அவங்க அப்பா பார்த்துக்கிட்டு இருக்காரு. மரியாதைக் கொறைச்சலா ஒண்ணும் நடந்திரக் கூடாதுப்பா."

"கவலப்படாதீங்க அம்மா, நாங்க பார்த்துக்கிறோம்" என்று சுரேன் வாய் நிறையக் கறிபாப்போடு வாக்குக் கொடுத்திருக்கிறான். "உங்க மகன்கிட்ட சொல்லணுமா?"

"அவன்கிட்டயா! ஐயோ வேணாம், அவன் வாயில ஒண்ணும் நிக்காது, நேராப் போய் மாப்பிள்ளைகிட்டயே சொல்லிருவான்."

(அம்மா என்னைப் பற்றிச் சொன்னது சரிதான். அதை மறுத்துப் பேச எனக்கு வாயில்லை.)

ஆட்டம் தொடங்கியது. மாப்பிள்ளை பந்தோடு வந்தார். சுரேன் அவருக்குக் குறுக்கே போய் நின்றான். சரி, ஆள் தொலைந்தார் என்று நினைத்தேன். சுரேன் ஓர் அடி ஒதுங்கி, கல்யாண வாசலில் நின்று வரவேற்கிற மாதிரி வழிவிட்டான்.

"டேய்!" என்று கத்தினேன். "என்னாலா பண்ணுற?"

"வழுக்கிருச்சு மச்சான்!" என்றான். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. திடல் அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது.

தனியாக வந்த மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் கையை விரித்து நின்றேன். அவர் பந்தைத் திருப்பி, பின்னால் வந்த சுரேனிடமே மெதுவாகத் தட்டிவிட்டார். சுரேன் அதை வாங்கிக் கொஞ்சம் யோசித்தான். பிறகு அவரிடமே திருப்பிக் கொடுத்தான். "பரவாயில்ல, நீங்க அடிங்க" என்றுகூடச் சொன்ன மாதிரி இருந்தது. வெயில் தலையில் அடித்து எனக்குத்தான் காது ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

மறுபக்கமும் இதே கூத்துதான். எங்கள் பக்கவாட்டு ஆட்டக்காரன் ரவீன், காற்றைவிட வேகமாக ஓடுகிறவன், எதிரணித் தடுப்பாட்டக்காரர் ஒருவருக்குப் பக்கத்தில் போனதும் வேகத்தைக் குறைத்து நடந்தான். அவர் ரவீனின் அக்காளைக் கட்டினவராம். போகிற போக்கில் "அக்கா சுகமா?" என்று கேட்டதை லைன்ஸ்மேனே கேட்டிருக்கிறார். சார் கோட்டுக்கு வெளியே இங்குமங்கும் ஓடி, "பிரஸ் பண்ணுங்கப்பா! பிரஸ்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். யாரும் யாரையும் எதுவும் செய்யவில்லை. இரண்டு சம்பந்தி வீட்டார் தட்டு மாற்றிக்கொள்வதுபோல் பந்து மட்டும் இங்கும் அங்கும் பணிவாகப் போய் வந்தது.

பூமியில் எல்லாருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லை என்ற உணர்வு உங்களுக்கு வந்திருக்கிறதா? அது மிகவும் கேவலமான உணர்வு. முதலில் பயந்தேன். பிறகு கோபம் வந்தது. எதிரணிக்காரர்கள் எங்கள் பையன்களுக்கு ஏதோ மருந்து வைத்துவிட்டார்கள் என்றுகூட நினைத்தேன். (மருந்து கறிபாப்பில்தான் இருந்தது.)

ஆட்டம் முடியப்போகிற நேரம். கோல் இல்லை. மாப்பிள்ளையின் காலில் பந்து, சுற்றிலும் ஒருவரும் இல்லை, எதிரே நான் மட்டும். அவர் அடிக்கவில்லை, நின்றுவிட்டார். நின்று, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அவருடைய அம்மா வீட்டிலிருந்து கிளம்பும்போதே அவரிடம் சொல்லியிருந்தாராம், "பொண்ணோட தம்பி கோல்ல நிக்குறான், நீ பாட்டுக்கு கோலை அடிச்சு அந்தப் புள்ளய அசிங்கப்படுத்திராத." ஆக, அடிக்கச் சொல்லி எங்கள் பக்கம் வழி திறந்துவிட, அடிக்கக் கூடாது என்று அவர் வந்த வழியே திரும்பிப்போக, முழு ஆட்டமும் இப்படியே போயிருக்கிறது. அந்தச் சிரிப்பு ஒரு மைத்துனனுக்கான சிரிப்பு. எனக்கு அது நக்கலாகத் தெரிந்தது.

பாய்ந்தேன். அவர் காலடியில் கிடந்த பந்தை என் வாழ்நாள் பலம் அத்தனையும் சேர்த்து உதைத்தேன். பந்து நேராகப் போய் மாப்பிள்ளையின் வாயில் அடித்து, அதே வேகத்தில் திரும்பி, என் தலைக்கு மேலே பறந்து எங்கள் கோலுக்குள் விழுந்தது. நடுவர் விசில் ஊதினார். அடிக்கவே கூடாது என்று வந்த மனிதர் முகத்தால் கோல் அடித்து எங்களைத் தோற்கடித்துவிட்டார்.

யாரும் கைதட்டவில்லை. மாப்பிள்ளை புல்லில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவருடைய முன்பல் இருந்தது.

"அடப்பாவி!" என்று அம்மா போட்ட சத்தம் கூலிம்வரை கேட்டிருக்கும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா திடலுக்குள் ஓடி வந்தார், பின்னால் அக்கா. அக்காவின் முகத்தைப் பார்த்தபோதுதான் நான் உடைத்தது ஒரு பல் மட்டும் இல்லை என்று உறைத்தது. அங்கேயே கோல் வலையைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடலாம் போலிருந்தது.

கிளினிக் வாசலில் இரண்டு குடும்பமும் நின்றோம். சுரேன் என்னை ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டுபோய் அம்மா சொன்னதையெல்லாம் அப்போதுதான் சொன்னான். நான் சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். அம்மா பையனின் அம்மாவிடம் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா யாரையும் பார்க்காமல் நின்றாள், கண் கலங்கியிருந்தது. பையனின் அப்பா மட்டும் என்னையே பார்த்தார். மனிதர் அந்தக் காலத்தில் தோட்டக் குழுவில் ஆடியவர் என்று கேள்வி. திருப்பி அடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று வழி பார்த்து வைத்துக்கொண்டேன்.

அவர் அருகே வந்து என் தோளில் கை வைத்தார்.

"இன்னிக்கு அந்தப் பாடாங்ல இருந்த அத்தன பேர்ல நீ ஒருத்தன்தான்பா பந்து வெளையாடுன. மத்தவன் எல்லாம் நாடகம் ஆடுனானுங்க, என் மகனையும் சேர்த்து" என்றார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "இத்தன நாளா எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் யோசனை. உங்க வீட்டுல எல்லாரும் ரொம்ப மரியாதையாப் பேசுறீங்க, உள்ள என்ன இருக்குன்னு தெரியல. இந்தப் பையனைப் பார்த்த பெறகு தெரிஞ்சிருச்சு. ஒளிவு மறைவு இல்லாத குடும்பம். தேதி பார்த்திருவோம்மா."

அம்மா என்னைப் பார்த்தார். நான் சுரேனைப் பார்த்தேன். அக்கா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் நான் பார்த்துவிட்டேன், அவள் சிரித்தாள். எங்கள் வீட்டில் என் ஒருவனிடம் மட்டும்தான் மறைத்தார்கள், அதனால்தான் எங்களுக்கு ஒளிவு மறைவு இல்லாத குடும்பம் என்ற பெயர் கிடைத்தது. இதை எப்படி அவருக்கு விளக்குவது? யாரும் விளக்கவில்லை. நான்கூட வாயை மூடிக்கொண்டேன், அம்மாவுக்கே அது ஆச்சரியம்.

புதுப்பல் கட்டுவதற்குள் நிச்சயம் வந்துவிட்டது. நிச்சயப் படங்களில் எல்லாரும் வாய்விட்டுச் சிரிக்க, மாப்பிள்ளை மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பார். "என்னங்க, மாப்பிள்ளைக்கு இஷ்டம் இல்லையா?" என்று ஆல்பம் பார்ப்பவர்கள் கேட்பார்கள். "எங்க கோல்கீப்பரைக் கேளுங்க" என்பாள் அக்கா. ஆல்பத்தைப் புரட்ட வருகிற ஒவ்வொருவருக்கும் நான் இந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும், சொல்லி முடிக்கும்வரை தேத்தண்ணீர் வராது.

கல்யாணத்தன்று இன்னொரு குளறுபடி. தாய்மாமன் ஓட்டி வந்த காடி வழியில் குருண் ஊர்ப் பக்கம் பழுதாகிவிட்டது. முகூர்த்த நேரம் நெருங்க, அம்மா முன்வரிசையில் தேமே என்று உட்கார்ந்திருந்த கருணாகரன் சாரின் கையைப் பிடித்து எழுப்பினார். "நீங்க எனக்கு அண்ணன் மாதிரி சார்" என்று மாமன் மாலையை அவர் கையில் கொடுத்துவிட்டார். சார் வேட்டி அவிழுமோ என்ற பயத்தோடு அக்காவுக்கு மாலை போட்டார். கீழே இறங்கியவர், எங்கள் பையன்கள் விருந்துக்கு வந்த ஒவ்வொரு குழுவின் ஆட்டக்காரர்களையும் மாமா, மச்சான், சித்தப்பா என்று கட்டிப்பிடிப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். இத்தனை ஆண்டுக் கேள்விக்குப் பதில் அவருக்கு அந்த மண்டபத்தில் கிடைத்தது. பாயசத்தைத் தொடவே இல்லை.

மறு ஆண்டு நான் படிப்பை முடித்துவிட்டாலும் குழுவுக்குத் துணைப் பயிற்றுநராக ஒட்டிக்கொண்டேன். கூலிம் குழுவோடு ஆட்டம். சார் புதிய திட்டத்தோடு வந்திருந்தார். பையன்களை வரிசையாக நிற்க வைத்தார்.

"இனிமே இந்த வேலை என்கிட்ட நடக்காது. எதிர் டீமுல சொந்தக்காரங்க இருக்கிறவன் எல்லாம் கையைத் தூக்கு. தூக்கினவன் இன்னிக்கு வெளிய உட்காரு."

சுரேன் தூக்கினான். ரவீன் தூக்கினான். கவிதா அக்காவின் கல்யாணத்தில் பரிமாறியதால் தாங்களும் மாப்பிள்ளைக்குச் சொந்தம் என்று மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். மாற்று ஆட்டக்காரர்கள் தூக்கினார்கள், வேன் ஓட்டி வந்த அண்ணனும் தூக்கினார். நானும் தூக்கினேன். சார் கைகளை எண்ணத் தொடங்கினார்.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து தினேஷ் மச்சான் புதுப்பல் தெரியச் சிரித்துக்கொண்டே, கையை ஆட்டி, "மாமா! வந்துட்டீங்களா? சாப்பிட்டீங்களா?" என்று சாரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

சார் மெதுவாகத் தன் கையையும் தூக்கினார்.