கராம்புக் கலர் டப்பா

மாத்தளையில் அந்தக் காலத்தில் கலியாணம் முடித்த பெண்களில் பாதிப் பேருடைய முகத்துக்குக் கொக்கோ அக்காதான் பொறுப்பு. மீதிப் பாதியை அவர்களுடைய கலியாணப் படத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்: முகம் ரோஸ், கழுத்து கறுப்பு, காது வேறு யாருடையதோ.

மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்து சோடிப்பது அக்காவின் தொழில். கடைக்கு வந்த முகப்பூச்செல்லாம் ஒரே ரோஸ் நிறம். எங்கள் பக்கத்தில் அந்த நிறத்தில் இருந்தது கொய்யாப்பழத்தின் உள்பக்கம் மட்டும்தான். அக்கா கொக்கோ விதையை வறுத்து, இடித்து, மெல்லிய துணியில் சலித்து அந்தப் பூச்சோடு கலப்பார். முகம் பார்க்க முதல்தடவை வரும்போதே கையில் ஒரு சரக்குப் பொட்டலம் இருக்கும். கராம்பு, கறுவாப்பட்டை, சாதிக்காய் என்று ஒவ்வொன்றாகப் பெண்ணின் கன்னத்தோடு வைத்துப் பார்த்து, டாக்டர் நோயின் பெயரைச் சொல்வது போலச் சொல்வார். "நீ சாதிக்காய். கறுவாவுக்கு ஆசப்படாத." பெயர் அப்படியே ஒட்டிக்கொள்ளும். எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் சாதிக்காய் டீச்சராகவே ஓய்வு பெற்றார்.

ஒரு தடவை அடைமழை. கொக்கோ காயவில்லை என்று, குடிக்கிற கொக்கோப் பொடியை வாங்கிக் கலந்துவிட்டார். அதில் சீனி இருக்கிற விஷயம் எறும்புகளுக்குத்தான் முதலில் தெரிந்தது. தாலி கட்டும்வரை மணப்பெண் நெளிந்துகொண்டே இருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் அதை வெட்கம் என்று நினைத்துப் பூரித்துப்போனார்கள்.

என் கலியாணம் எல்கடுவையில், தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. மாப்பிள்ளை வீடு கலேவெல, வெங்காய வியாபாரிகள். நான் கராம்பு. அதில் எனக்குக் கவலையில்லை. கவலையெல்லாம் வரப்போகும் மாமியாருக்கு. வேனிலிருந்து இறங்கும்போதே கையில் ஒரு ரோஸ் டப்பா. அக்கா வந்தால் என் முகம் எனக்கு, வராவிட்டால் அந்த டப்பாவுக்கு. முகூர்த்தம் நெருங்கியும் அக்காவைக் காணோம். மாமியார் பூசத் தொடங்கினார். கண்ணாடியில் யாரோ ஒருத்தி என் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகை முட்டியது. அழுதால் கோடு விழும் என்று அதற்கும் விடவில்லை.

அக்கா டவுன் செக்பாயிண்டில் மாட்டியிருந்தார். பெட்டி நிறைய டப்பா, டப்பா நிறைய இன்னதென்று தெரியாத தூள். யுத்தம் நடந்த அந்த நாளில் அது விளையாட்டில்லை. துவக்கை நீட்டிக்கொண்டு நாலைந்து ஆமிக்காரர்கள் சுற்றி நின்றார்களாம். அக்காவுக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. சிங்களத்தில் விளக்கம் சொல்லி, நம்பாமல் நின்ற ஒருவனின் கன்னத்திலேயே பூசிக் காட்டியிருக்கிறார். பூசிய இடம் தெரியவில்லை. உடனே மற்றவர்களும் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, தாங்கள் என்ன சரக்கு என்று கேட்டு வரிசையில் நின்றார்களாம். வெயிலில் காய்ந்த கிராமத்துப் பிள்ளைகள். அத்தனை பேரும் கராம்பு.

ஒருவழியாக மூச்சுவாங்க வந்து சேர்ந்த அக்கா, என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரு இதுக்குச் சுண்ணாம்பு அடிச்சது?"

"நான்தான்," என்றார் மாமியார். "படத்த நாலு பேரு பாப்பாங்கல்ல."

"ஒங்க மகன் வந்து பாத்துச் சரின்னு சொன்னது யாரங்கம்மா?"

"இந்தப் புள்ளயத்தான்."

"அப்ப அந்தப் புள்ளயவே ஒக்கார வைப்போம். இல்லாட்டி அவரு மணவறையில பொண்ணத் தேடுவாரு."

மாமியார் நகர்ந்து இடம் விட்டார். அக்கா தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து என் முகத்தை மீட்டெடுத்தார். பிறகு கராம்பு டப்பாவைத் திறந்தார். கழுவி வைத்தது போல இருந்தது. அவ்வளவும் செக்பாயிண்ட் கன்னங்களுக்குப் போய்விட்டது.

டப்பாவை மூடி வைத்தார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு குட்டி டப்பாவை எடுத்தார். அது அவருடைய சொந்தப் பூச்சு. அது இல்லாமல் அவர் தண்ணீர்க் குழாயடிக்குக்கூடப் போகமாட்டார். அன்றைக்குப் பூசி வந்ததோ வெயிலிலும் பயத்திலும் வியர்வையோடு வழிந்துபோயிருந்தது.

"நீயும் நானும் ஒரே கலருதாண்டி," என்று சொல்லிவிட்டு, அடிவரை வழித்து என் முகத்தில் பூசினார்.

குடும்பப் படத்தில் நான் நானாகவே இருக்கிறேன், கொஞ்சம் கூடுதல் அழகாக. ஓரத்தில் அக்கா, பூச்சில்லாத முகத்தைச் சேலைத் தலைப்பால் பாதி மறைத்துக்கொண்டு நிற்கிறார். யாருக்கு அந்தப் படத்தைக் காட்டினாலும் என் விரல் முதலில் போவது அவரிடம்தான்.